உயிருள்ளவை, உயிரற்றவை: காட்டிலும் குளத்திலும் எது எதைத் தீர்மானிக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சூழல் மண்டலம் பாடத்தில் உயிருள்ள காரணிகள், உயிரற்ற காரணிகள் என்று இரண்டு பட்டியலை மனப்பாடம் செய்கிறாள். 'இதுல எதுப்பா முக்கியம்? காட்டுக்கும் குளத்துக்கும் ஒரே பட்டியல்தானா? மனுஷன் எந்தப் பட்டியல்?' என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

உங்கள் மகள் கேட்டிருப்பதுதான் அந்தப் பாடத்தின் மையமே. வெயில், மழை, மண், காற்று, உப்பு ஒரு பக்கம். செடி, விலங்கு, பூஞ்சை, பாக்டீரியா மறு பக்கம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஓர் இடத்துக்குப் போய் நின்று, "இங்கே ஏன் இது வளர்கிறது, அது ஏன் வளரவில்லை?" என்று கேட்டால் அந்தப் பட்டியல் பதில் சொல்லாது. வருடக்கணக்காகத் தாவரவியல் மாணவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போகிறவன் நான். அந்தப் பயணங்களில் ஒரு வழி நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். இங்கே எதற்குப் பஞ்சம்? அந்தப் பஞ்சத்தை யார் கூட்டுகிறார்கள், யார் குறைக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் உயிரற்ற பட்டியலில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் உயிருள்ள பட்டியலில் இருக்கும்.

முதலில் நிலம். ஊட்டியிலிருந்து அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மலைச்சரிவு முழுக்கப் புல். சரிவின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குட்டையான காடு. இதுதான் சோலை. இரண்டுக்கும் நடுவில் படிப்படியான மாற்றம் எதுவும் கிடையாது, கத்தியால் வெட்டியதுபோல எல்லை. ஒரு காலைப் புல்லிலும் இன்னொரு காலைச் சோலைக்குள்ளும் வைத்து நிற்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மழை, ஒரே வெயில், ஏறத்தாழ ஒரே பாறையிலிருந்து வந்த மண். அப்படியிருக்க மரம் ஏன் அந்த எல்லையைத் தாண்டவில்லை?

மழை போதாததால் அல்ல. இங்கே முட்டுக்கட்டையாக இருப்பது குளிர், அதிலும் குறிப்பாக உறைபனி. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில், தரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் கொஞ்சம் தடுக்கும். தெளிந்த வானத்தில் தடுக்க எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தை நோக்கி வழிகிறது. முதலில் நீர்ப்பனி விழும், அப்புறம் உறைபனி. விடிகாலையில் புல்வெளியில் நடந்தால் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாக இருக்கும், காலடியில் நொறுநொறுவென்று உடையும். அந்த மாதங்களில் தேயிலை கருகிப்போவதும் இதனால்தான்.

சோலை மரத்தின் விதை ஒன்று காற்றிலோ பறவை வயிற்றிலோ போய்ப் புல்வெளியில் விழுந்து முளைக்கிறது என்று வையுங்கள். மழைக்காலம் முழுக்க நன்றாக வளரும். முதல் உறைபனி இரவில் அதன் இலைச்சாறு உறைந்துபோகும். அதைவிட மோசம் மறுநாள் காலை. மலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். விறைத்துப்போன இலையால் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது; வாங்கிய வெளிச்சமே அதைப் பொசுக்கிவிடும். புல்லுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் வளரும் முனை தரையை ஒட்டி, பழைய தாள்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே கருகினாலும் கீழிருந்து துளிர்த்துவிடும். காட்டுத்தீ வந்தாலும் இதே பாதுகாப்புதான். ஆக, பனியும் தீயும் சேர்ந்து மரக்கன்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

சரி, அப்படியென்றால் சோலைக்குள் மட்டும் மரக்கன்று எப்படிப் பிழைக்கிறது? மேலே கூரை இருப்பதால். பெரிய மரங்களின் தழை, தரையின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் பிடித்து வைக்கிறது. நடுஇரவில் வெளியே புல் உறையும்போது உள்ளே ஈரமும் கதகதப்பும் அப்படியே இருக்கும். சோலை தன் பிள்ளைகளுக்கு வேண்டிய தட்பவெப்பத்தைத் தானே செய்து வைத்திருக்கிறது. உறைபனி உயிரற்ற காரணி, உண்மைதான். ஆனால் அது எங்கே விழும், எங்கே விழாது என்பதை மரம் தீர்மானிக்கிறது. நான் மாணவர்களிடம் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் இடம் இது. ஏனென்றால் பட்டியல் உடைவது இங்கேதான்.

புல்வெளியைப் பார்த்து, "ஒருகாலத்தில் முழுக்கக் காடாக இருந்தது, மனிதன் வெட்டியதால் இப்படி ஆயிற்று" என்று பலர் நினைக்கிறார்கள். நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனை உள்வாங்கும் விதம் வேறு வேறு. அந்தத் தடயம் மண்ணில் தங்கிவிடும். அதை வைத்துப் பார்த்தால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. வறண்ட காலங்களில் புல்லின் கை ஓங்கியும், ஈரமான காலங்களில் மரத்தின் கை ஓங்கியும் வந்திருக்கின்றன. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி (கடைசிப் பெரும் பூப்பு 2018-இல்), வரையாடு எல்லாம் அந்தப் புல்வெளியை நம்பி வந்தவை. வரையாட்டுக்குக் காடு ஆகாது. மேயத் திறந்த புல்லும், சிறுத்தை வந்தால் ஓடி ஏறச் செங்குத்துப் பாறையும் வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அந்தப் புல்வெளியை வெற்றுநிலம் என்று நினைத்து ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே வேலை தொடர்ந்தது. வாட்டில் நம் சோலை மரம் போல அல்ல. உறைபனியைத் தாங்கும், வேகமாக வளரும். அவரை, துவரைபோலத் தன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய புல்லுக்குச் சத்துக் கூடுவதே கேடாகிவிட்டது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதோடு தண்ணீரும் குறைகிறது. நீலகிரியில் கிளன்மார்கனில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை, ஒன்றை இயற்கையாக விட்டும் மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டும், ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் நடவுச் சுழற்சியிலேயே யூகலிப்டஸ் நட்ட பக்கத்தில் ஓடிவரும் நீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. மழை அதே மழைதான். மாறியது அங்கே வளர்ந்தது. கீழே பவானிப் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போடுகிறவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பழைய வாட்டில், பைன் தோப்புகளுக்கு அடியில் இப்போது சோலை மரக்கன்றுகள் சில இடங்களில் தாமாகவே முளைத்து நிற்கின்றன. காரணம் மேலே சொன்னதுதான். எந்த மரமாக இருந்தாலும் கூரை கூரைதானே, பனியைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அதற்காகத் தோப்பு நட்டது சரி என்று சொல்லமாட்டேன். அங்கே முளைப்பது சோலை, இழந்தது புல்வெளி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மலையிலிருந்து இறங்கினால் பஞ்சம் வேறாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து மேற்குப் பக்கம் மழையைக் கொட்டச் செய்துவிடுகிறது. கிழக்கே மசினகுடி, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் வந்தால் முள்காடுதான். அங்கே வெளிமான் மேய்கிறது. மலைக்கு மேலே குளிர் ஆட்சி செய்தது, கீழே தண்ணீர்ப் பஞ்சம் ஆட்சி செய்கிறது. நம் திணை மரபில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். அங்கே வாழும் மரம், விலங்கு, பறவை, மனிதர்களின் தொழில் எல்லாம் கருப்பொருள். பாலைக்கென்று தனி நிலமும் வைக்கவில்லை. மழை பொய்த்தால் குறிஞ்சியும் முல்லையும் திரிந்து பாலையாகும் என்றார்கள். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தமிழ்ப் பாடத்தில் படித்தது அறிவியல் பாடத்தில் வந்து நிற்கும்.

இனி தண்ணீருக்குள் போவோம். "காட்டுக்கும் குளத்துக்கும் ஒரே பட்டியலா?" என்ற கேள்விக்குப் பதில்: பெயர்கள் ஒன்றுதான், பஞ்சம் வேறு. குளத்தில் இருக்கும் உயிருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. காற்றுப் பஞ்சமும் வெளிச்சப் பஞ்சமும்தான். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர், காற்றிலிருந்து முழுக்க ஊறிக்கொண்டாலும், ஏழரை மில்லிகிராம்தான் வைத்திருக்கும். முப்பது மடங்குக்கும் மேல் குறைவு. தண்ணீர் சூடாகச் சூடாக இதுவும் குறையும்.

கண்மாயில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று பேச்சு கிளம்பும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எப்போது செத்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் மூடாக்காக, காற்றே இல்லாமல் புழுக்கமாக இருந்து, பிறகு ஒரு விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுவிட்டு, விடிந்ததும் கட்லாவும் ரோகுவும் கூட்டமாக மிதந்தால், அங்கே நடந்தது பெரும்பாலும் வேறு. பச்சைப் பசேல் என்று இருக்கும் குளத்தில் நுண்பாசி ஏராளம். பகலில் அது வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனைத் தண்ணீருக்குள் விடுகிறது. இரவில் அதே பாசி, மீனைப்போலவே ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. அடியில் கிடக்கும் சருகையும் சாணத்தையும் மக்கவைக்கும் பாக்டீரியாவும் இழுக்கிறது. இப்படி இரவு முழுக்கச் செலவு, வரவு கிடையாது. ஆகவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் இருப்பு ஆகக் குறைவு. முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்திருந்தால் பகல் வரவும் குறைந்திருக்கும். காற்று வீசாததால் மேல்தண்ணீர் அலையடித்து வெளிக்காற்றோடு கலக்கவும் இல்லை.

ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். அந்தக் காலையில் விராலும் தேளியும் பிழைத்துக் கிடந்தால் காற்றுப் பஞ்சம்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். இரண்டும் மேலே வந்து வெளிக்காற்றை நேரடியாக விழுங்கி வாழக்கூடியவை. விஷம் கலந்திருந்தால் அவையும் தப்பியிருக்காது. மீன் வளர்ப்பவர்கள் இதற்காகவே தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டு, உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன்பே கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது, குளத்துக்கு உரமாகச் சாணம் போடுவதை நிறுத்தவேண்டும். முழங்கை வரை போயும் விரல் தெளிவாகத் தெரிந்தால் மீனுக்குத் தீனி போதாது. வெளிச்சம், சத்து, பாசி, ஆக்சிஜன் நான்கையும் ஒரு கையால் அளந்துவிடுகிறார்கள்.

ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தில் இன்னொரு விதமாக இது நடக்கும். மேலே பச்சைப் போர்வை. உள்ளே வெளிச்சம் இல்லை, பாசி இல்லை, காற்றுத் தொடர்பும் இல்லை. அழுகும் இலைகள் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

உயிர்கள் தண்ணீருக்குச் சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் சுற்றுவட்டார வயல்களிலும் குளங்களிலும் இரைதேடிவிட்டு, எச்சத்தை ஏரியில் விடுகின்றன. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரமும் சேர்ந்து போகிறது. ஊர்க்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தார்.

நிலமும் நீரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் இடம் ஒன்று உண்டு: கழிமுகம். இரண்டு பட்டியலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்குப் பிச்சாவரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதாவது உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் காடு. அங்கே சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை உள்வாங்கும். காலை எடுக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாததால், கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா விடும் வாயு அது. ஆக, அங்கே இரண்டு பஞ்சம்: வேருக்குக் காற்று இல்லை, குடிக்க உப்பில்லாத தண்ணீர் இல்லை.

வெண்கண்டல் மரம் தன் வேர்களைப் பென்சில் நட்டுவைத்ததுபோலச் சேற்றுக்கு மேலே நிமிர்த்தி மூச்சுவிடுகிறது. அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இழுத்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடும். அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்கு ஈட்டிபோல வளர்ந்த பிறகுதான் கீழே விழும். இவை சேற்றைப் பிடித்து வைக்கின்றன. நண்டுகள் வளை தோண்டித் தோண்டிச் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் போகும்படி செய்கின்றன.

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை மொட்டையாக வெட்டினார்கள். மரம் தானாக முளைத்து வந்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் ஒருவேளை வந்திருக்கும். இங்கே வரவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகி, சேறு சுருங்கிக் கீழே இறங்கியது. தட்டையாக இருந்த இடம் தாம்பாளம்போலப் பள்ளமாயிற்று. பிச்சாவரத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சிறு பள்ளமும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்தண்ணீர் வற்றத்தில் திரும்பிப் போக முடியாமல் தேங்கியது. வெயிலில் தண்ணீர் மட்டும் போய் உப்பு நின்றுவிட்டது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தேங்கிய பள்ளத்தில் அதைவிட அதிகம். வெண்கண்டலாலேயே தாங்க முடியாத அளவு. வருடக்கணக்கில் அந்த இடங்கள் வெறும் களராகக் கிடந்தன.

மரத்தை வெட்டியதால் மண்ணின் உயரம் மாறியது; உயரம் மாறியதால் தண்ணீரின் போக்கு மாறியது; போக்கு மாறியதால் உப்பு ஏறியது; உப்பு ஏறியதால் மரம் வரவில்லை. இதில் எது உயிருள்ள காரணி, எது உயிரற்ற காரணி என்று பிரித்துக் காட்டச் சொன்னால் நானே திணறிப்போவேன்.

தீர்வும் அதே சங்கிலியைப் பிடித்துத்தான் வந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும், முதலில் கன்று நடுவதை விட்டுவிட்டு, கால்வாய் வெட்டின. நடுவில் ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து மீன்முள்போல இருபுறமும் சிறு கால்வாய்கள். ஓதம் உள்ளே வந்து திரும்பிப் போகத் தொடங்கியது, உப்பு கழுவப்பட்டது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிடித்தன. முத்துப்பேட்டையிலும் இதே வழி பலித்தது. 2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாக இருந்ததை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். எங்கு பார்த்தாலும் குழி தோண்டிக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் இந்தக் காலத்தில், "முதலில் தண்ணீருக்கு வழி விடு" என்று யோசித்த அந்த வேலையின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. மன்னார் வளைகுடாவில் பவளங்கள் தங்கள் உடலுக்குள் ஒரு நுண்பாசியைக் குடிவைத்திருக்கின்றன. அது சமைத்துப் போட, பவளம் சாப்பிடுகிறது. கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரம் நீடித்தால் போதும், அந்தக் கூட்டு முறிந்து பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016-இல் அப்படி நடந்தது. பவளம்தான் அங்குள்ள 21 தீவுகளுக்கும் அரண். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அந்த அரண் உடைந்து, இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அங்கே உயிருள்ள காரணி போனதும் நிலமே போய்விட்டது.

மகளுடைய கடைசிக் கேள்வி: மனிதன் எந்தப் பட்டியல்? உயிருள்ள பட்டியல்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் சோலை மரம் உறைபனியைத் தடுப்பதுபோல, பாசி ஆக்சிஜனைக் கூட்டிக் குறைப்பதுபோல, மனிதனும் உயிரற்ற காரணிகளை மாற்றுகிறவன். வேகமும் அளவும்தான் வேறு. பரீட்சையில் "மனிதன் – உயிருள்ள காரணி" என்று எழுதட்டும். "எது முக்கியம்?" என்று யாராவது கேட்டால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கும் குளத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். விடிவதற்கு முன்னால் ஒருமுறை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒருமுறை. ஒரு வெப்பமானி போதும். கரையோரத் தண்ணீர், நடுத்தண்ணீர், மேலே காற்று மூன்றையும் இரு வேளையும் அளந்து எழுதட்டும். காற்று எவ்வளவு மாறியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு கொஞ்சமாக மாறியிருக்கிறது என்று அவளே பார்ப்பாள். விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் திறக்கிறதா என்று கவனிக்கட்டும். மூன்று மணிக்கு வெயில் படும் இடத்தில் வேலம்பாசியைக் குனிந்து பார்த்தால், இலை நுனிகளிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வருவது தெரியும். அன்று ராத்திரி அந்தக் குளம் செலவழிக்கப் போகும் ஆக்சிஜன் அது.